கெர்னலின் கதை – 14: உயிரோடு முடங்கிய ரவுட்டர்

போன வாரம் 1986 அக்டோபரில் நிறுத்தியிருந்தோம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே நானூறு கஜ தூரம்தான். அந்த நானூறு கஜத்தில் நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த போக்குவரத்து திடீரென்று 40 பிட்டாகச் சுருண்டது. நெரிசல் தெரிந்தால் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒழுக்கத்தை வான் ஜேக்கப்சன் டி.சி.பி.க்குள் புகுத்தினார். இணையம் பிழைத்தது.

அதற்கும் முந்தைய வாரம் எம்பஃப் பிறந்த கதையைப் பார்த்தோம். 1983ல் வெளியான 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் வருகிற பாக்கெட்டுகளை வைத்துக்கொள்ள 128 பைட் அளவில் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகள். தலைப்புத் தகவல் போக, தரவுக்கு மிஞ்சுவது 112 பைட். பெரிய பாக்கெட் வந்தால் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடும் நன்றாகவே ஓடியது.

அனுப்பும் பக்கத்துக்கு ஒழுக்கம் வந்தாயிற்று. வாங்கும் பக்கத்துக்கு இடம் கிடைத்தாயிற்று. பிறகென்ன பிரச்சினை?

எல்லாரும் டி.சி.பி. பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினை. அன்றைய அலுவலகங்களில் கோப்புகளைப் பகிர ஓடிய என்.எஃப்.எஸ். பெரும்பாலும் யு.டி.பி.யில்தான் ஓடியது. யு.டி.பி.க்கு ஜேக்கப்சனின் ஒழுக்கம் பொருந்தாது. அது பாட்டுக்கு அனுப்பும். இன்னொரு பக்கம், தனி ரவுட்டர் வாங்கப் பணமில்லாத இடங்களில் சாதாரண யூனிக்ஸ் கணினிகளையே ரவுட்டராகவும் ஃபயர்வாலாகவும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ரவுட்டருக்கு வருகிற பாக்கெட்டுகள் ஊரான் வீட்டுப் பாக்கெட்டுகள். ‘மெதுவாக அனுப்பு’ என்று அதனால் யாரிடமும் சொல்ல முடியாது.

வருவதைத் தடுக்க முடியாத ஒரு கெர்னலிடம், அதன் சக்திக்கு மேல் பாக்கெட்டுகளைக் கொட்டினால் என்ன ஆகும்?

பாலோ ஆல்டோவில் ஒரு சோதனை

1990களின் நடுவில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் இருவர். ஒருவர் ஜெஃப்ரி மோகுல். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் மேற்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. இன்னொருவர் கே.கே. ராமகிருஷ்ணன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு மேரிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். டிஜிட்டலில் பத்தாண்டுக்கு மேல் இருந்துவிட்டு பெல் ஆய்வகத்துக்குப் போயிருந்தார்.

சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு டெக்ஸ்டேஷன் 3000/300. ஆல்ஃபா பிராசஸர் வைத்த கணினிகளில் கிடைத்ததிலேயே வேகம் குறைந்தது. வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் சீக்கிரம் வெளியே தெரிய வேண்டும் அல்லவா? அதில் டிஜிட்டல் யூனிக்ஸ். இரண்டு பக்கமும் இரண்டு ஈதர்நெட். இந்தப் பக்கமிருந்து ஒரு கணினி பாக்கெட்டுகளை அனுப்பும். நடுவில் இருப்பது வாங்கி அந்தப் பக்கம் தள்ள வேண்டும்.

அந்தப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளே கிடையாது. இல்லாத ஒரு கணினியின் முகவரியை ரவுட்டரின் ஏ.ஆர்.பி. அட்டவணையில் பொய்யாக எழுதி வைத்துவிட்டார்கள். ரவுட்டரும் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே எத்தனை போகிறது என்று எண்ணினால் போதும்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் சரக்கு வெறும் 4 பைட். இது முக்கியம். கெர்னலுக்குச் செலவு பைட் கணக்கில் வருவதைவிடப் பாக்கெட் கணக்கில்தான் அதிகம் வரும். 1,500 பைட்டைச் சுமந்து வந்தாலும் 4 பைட்டைச் சுமந்து வந்தாலும், பஃபர் ஒதுக்குவது, முகவரியைப் பார்ப்பது, வரிசையில் வைப்பது எல்லாம் ஒன்றுதான். ஆகவே கெர்னலைத் திணறடிக்க வேண்டுமானால் சின்னப் பாக்கெட்டுகளை அனுப்ப வேண்டும்.

எவ்வளவு வேகமாக அனுப்பலாம்? ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும். முன்னால் 8 பைட் அறிவிப்பு, பின்னால் 12 பைட் இடைவெளி. மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு ஒரு கோடி பிட் போகும் கம்பியில் 67.2 மைக்ரோநொடிக்கு ஒரு பாக்கெட் வரலாம். நொடிக்கு 14,880. இதுதான் கம்பி தரக்கூடிய உச்சம்.

முதல் சுற்றில் கெர்னல் மட்டும். நொடிக்கு 4,700 பாக்கெட் வரை அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் வரத்தைக் கூட்டினார்கள். 4,700லேயே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிற்கவில்லை. உள்ளே வருவது கூடக் கூட, வெளியே போவது குறைந்துகொண்டே வந்தது.

இரண்டாம் சுற்றில் ஸ்கிரீன்டி என்ற நிரலையும் ஓட விட்டார்கள். மோகுல் முன்பே எழுதி வைத்திருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்து ‘விடலாம், விடக்கூடாது’ என்று தீர்ப்புச் சொல்லும் ஃபயர்வால். கெர்னலுக்கு வெளியே, சாதாரண பயனர் நிரலாக ஓடுவது. இதில் உச்சமே நொடிக்கு 2,000 பாக்கெட்தான்.

வரத்து 6,000ஐத் தொட்டது. வெளியே போனது பூஜ்யம்.

கணினி நின்றுவிட்டதா என்றால் இல்லை. பிராசஸர் ஒரு கணம்கூட ஓயவில்லை. நூற்றுக்கு நூறு வேலை நடந்துகொண்டிருந்தது. பலன் மட்டும் இல்லை. இரண்டு நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து உறைந்துபோவதற்கு ‘டெட்லாக்’ என்று பெயர். இது உயிரோடு ஓடிக்கொண்டே முடங்கிக் கிடப்பது. ‘ரிசீவ் லைவ்லாக்’ என்றார்கள்.

பாக்கெட் எங்கே செத்தது?

இந்தப் புதிருக்கு விடை 1983ன் வடிவமைப்பிலேயே இருந்தது.

பி.எஸ்.டி. கெர்னலில் ஒரு பாக்கெட்டுக்கு மூன்று கட்டப் பயணம். நெட்வொர்க் கார்டுக்குப் பாக்கெட் வந்ததும் அது பிராசஸருக்கு இன்டரப்ட் கொடுக்கும். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பிராசஸர் ஓடி வரும். பாக்கெட்டை எம்பஃபில் ஏற்றி ஐ.பி. வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பும். இது முதல் கட்டம். முன்னுரிமை மிக அதிகம்.

இரண்டாம் கட்டம் மென்பொருள் இன்டரப்ட். ஐ.பி. வரிசையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, முகவரி பார்த்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யும். முன்னுரிமை ஒரு படி குறைவு.

மூன்றாம் கட்டம் பயனர் நிரல். ஸ்கிரீன்டி போன்றவை. முன்னுரிமை கடைசி.

மெதுவான நெட்வொர்க்குகளின் காலத்தில் இது அருமையான திட்டம். கார்டில் இருந்த இடம் கொஞ்சம். உடனே ஓடி வந்து எடுக்காவிட்டால் அடுத்த பாக்கெட் விழுந்துவிடும். ஆகவே ‘முதலில் வாங்கி வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வராமலே போகும் என்று யாரும் நினைக்கவில்லை.

கல்யாண வீட்டில் வாசலில் சந்தனம் கொடுப்பவரும் பந்தியில் பரிமாறுபவரும் ஒரே ஆள் என்று வையுங்கள். ஆள் வந்தால் எதைப் போட்டுவிட்டாவது வாசலுக்கு ஓட வேண்டும் என்பது கட்டளை. பத்துப் பேர் வரும்வரை இரண்டும் நடக்கும். ஊரே திரண்டு வந்தால் அவர் வாசலைவிட்டு நகரவே முடியாது. எல்லாரும் சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போவார்கள். ஒருவர் இலையிலும் சோறு விழாது.

கெர்னலில் அதுதான் நடந்தது. நொடிக்கு 6,000 முறை இன்டரப்ட். ஒவ்வொரு முறையும் பாக்கெட்டை வாங்கி, எம்பஃபில் ஏற்றி, வரிசையில் வைக்கப் போனால் வரிசை நிரம்பிக் கிடக்கும். பி.எஸ்.டி.யில் அந்த வரிசையின் வழக்கமான நீளம் 50. இடமில்லை என்றால் பாக்கெட்டைக் கீழே போட வேண்டியதுதான். ஐ.பி. கட்டத்தைத் தப்பித் தாண்டியவை ஸ்கிரீன்டியின் வரிசையில் போய் விழுந்தன. ஸ்கிரீன்டிக்கோ ஓடுவதற்குப் பிராசஸர் கிடைக்கவே இல்லை. அங்கும் வரிசை நிரம்பியது. அங்கும் கீழே போட்டார்கள்.

கீழே போடுவது தப்பா? இல்லை. சக்திக்கு மேல் வந்தால் எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாக்கெட்டுக்காகப் பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு அதைக் குப்பையில் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். கூட்டம் கூடக் கூட வீண் வேலை கூடும். கடைசியில் வீண் வேலையைத் தவிர வேறு எதற்கும் நேரமிருக்காது.

போட வேண்டியதை வாசலிலேயே போட வேண்டும். ஒரு துளி வேலை செய்வதற்கு முன்பே.

மருந்தே நோயானது

முதல் மருந்து எளிதாகத் தோன்றியது. இன்டரப்டை அணைத்துவிடலாம்.

முதல் பாக்கெட் வந்து இன்டரப்ட் கொடுத்ததும், கெர்னல் அந்தக் கார்டின் வாயை மூடிவிடும். ‘நீ கூப்பிடாதே, நானே வந்து கேட்கிறேன்.’ பிறகு கெர்னலின் ஒரு பகுதி கார்டிடம் போய் ‘இருக்கிறதா, இருக்கிறதா’ என்று கேட்டு, இருப்பதை எடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டையும் முதலிலிருந்து கடைசிவரை முடித்து அனுப்பும். நடுவில் ஐ.பி. வரிசையே வேண்டாம். எடுக்காத பாக்கெட் கார்டிலேயே வழிந்து விழும். அதற்குப் பிராசஸர் ஒரு கணம்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இப்படிக் கேட்டுப் போவதற்குப் போலிங் என்று பெயர்.

எழுதினார்கள். ஓட்டினார்கள். வரைபடத்தைப் பார்த்தார்கள்.

முன்பைவிட மோசம். உச்சத்தைத் தாண்டியதும் பழைய கெர்னல் மெல்ல மெல்லத்தான் சரிந்தது. புதிய கெர்னல் சட்டென்று பூஜ்யத்தை நோக்கி விழுந்தது.

ஏன்? கேட்கப் போன கெர்னல் திரும்பி வரவே இல்லை! ஒரு பாக்கெட்டை முடித்தால் இன்னொன்று காத்திருக்கிறது. அதை முடித்தால் இன்னொன்று. வாங்கும் கார்டைவிட்டு நகர முடியவில்லை. இதற்கிடையே அனுப்பும் கார்டு, ‘கொடுத்ததை அனுப்பிவிட்டேன், காலி இடத்தை எடுத்துக்கொள்’ என்று காத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க ஆளில்லை. அனுப்பும் வரிசை நிரம்பியது. அத்தனை வேலையும் முடிந்து வெளியேற வேண்டிய பாக்கெட்டுகள், கடைசிப் படியில் இடமில்லாமல் விழுந்தன. முன்பு நடுவழியில் போட்டார்கள். இப்போது வாசற்படி தாண்டும் நேரத்தில். வீண் வேலை இதைவிட அதிகமாக முடியாது.

தீர்வு ஒரு சின்ன எண். ஒரு முறை போனால் இத்தனை பாக்கெட்தான் எடுக்கலாம் என்று ஒரு வரம்பு. வரம்பு தீர்ந்ததும் அடுத்த கார்டு, வாங்குவது முடிந்ததும் அனுப்புவது என்று முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். 5, 10, 20, 100 என்று வைத்துப் பார்த்தார்கள். 10 முதல் 20 வரை வைத்தபோது வரைபடம் நிமிர்ந்து நின்றது. கம்பியின் உச்ச வேகத்தை நோக்கிக் கொட்டினாலும் வெளியே போவது குறையவில்லை.

இன்னும் ஸ்கிரீன்டி பாக்கி. கெர்னல் தன் பங்கை ஒழுங்காகச் செய்தாலும், பயனர் நிரலுக்குப் பிராசஸர் கிடைக்க வேண்டுமே? அதற்கு வரிசையையே தூதாக்கினார்கள். ஸ்கிரீன்டியின் வரிசை முக்கால்வாசி நிரம்பினால், கார்டிலிருந்து வாங்குவதை நிறுத்து. கால்வாசிக்கு இறங்கினால் மறுபடியும் வாங்கு. ஸ்கிரீன்டியே செத்துப்போய் வரிசை இறங்காமல் நின்றுவிட்டால்? ஒரு மில்லிநொடி அளவு பொறுத்துப் பார்த்துவிட்டு எப்படியும் திறந்துவிடு.

கடைசியில் வேறு நிரல்களுக்காகவும் ஒரு ஏற்பாடு. ஒரு காலகட்டத்தில் பாக்கெட் வேலை பிராசஸரின் இவ்வளவு பங்கைத்தான் தின்னலாம். மீறினால் வாங்குவது நிற்கும்.

1996 ஜனவரியில் சான் டியாகோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் இதை வாசித்தார்கள். அதே ஆண்டு ரைஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டிரஷலும் கௌரவ் பங்காவும் இன்னொரு வழியைச் சொன்னார்கள். பாக்கெட் வந்த உடனே அது எந்த நிரலுக்கு என்று கண்டுபிடித்து, அந்த நிரலின் தனி வரிசையில் போட்டுவிட வேண்டும். மற்ற வேலைகளை அந்த நிரல் ஓடும்போது, அதன் கணக்கில் செய்துகொள்ளலாம். வரிசை நிரம்பியிருந்தால் அங்கேயே போட்டுவிடலாம். வழி வேறு, தத்துவம் ஒன்று.

மருந்து கிடைத்துவிட்டது. எல்லாரும் உடனே சாப்பிட்டார்களா?

லினக்ஸுக்கு விழுந்த அடி

1999 ஏப்ரல். மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. விண்டோஸ் என்.டி. 4.0 ஒரு பக்கம், லினக்ஸ் 2.2 இன்னொரு பக்கம். ஒரே டெல் சர்வரில் நான்கு பிராசஸர், நான்கு 100 மெகாபிட் கார்டு. கோப்புப் பகிர்வில் என்.டி. இரண்டரை மடங்கு வேகம், இணையப் பக்கங்களைக் கொடுப்பதில் 3.7 மடங்கு வேகம் என்றது அறிக்கை.

பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட் என்று தெரிந்ததும் லினக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். அமைப்புகளைச் சரியாக வைக்கவில்லை என்றார்கள். மறுபடியும் சோதனை நடந்தது. இடைவெளி குறைந்தது; ஆனால் என்.டி.தான் முன்னால் நின்றது.

கொதிப்பு அடங்கியதும் உண்மை தெரிந்தது. லினக்ஸ் 2.2ல் நான்கு பிராசஸர் இருந்தாலும், வந்த பாக்கெட்டுகளைக் கவனிக்கும் பகுதி ஒரு நேரத்தில் ஒரு பிராசஸரில்தான் ஓட முடியும். மற்ற மூன்றும் வெளியே நிற்க வேண்டும். நான்கு கார்டு, நான்கு பிராசஸர், ஒரே கதவு.

அலெக்ஸி குஸ்நெட்சோவும் டேவிட் மில்லரும் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். சாஃப்ட்நெட் என்று பெயர். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி வரிசை, ஒவ்வொன்றும் 300 பாக்கெட் கொள்ளும். நான்கு பிராசஸரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4ல் இதுதான் இருந்தது.

கூர்ந்து பாருங்கள். கார்டு இன்டரப்ட் கொடுக்கிறது. கார்டை இயக்கும் டிரைவர் ஓடி வந்து பாக்கெட்டை எடுக்கிறது. பஃபரில் ஏற்றி வரிசையில் வைக்கிறது. இடமில்லையென்றால் கீழே போடுகிறது. 1983ன் ஐ.பி. வரிசைதான் இது. ஒன்றுக்குப் பதில் நான்கு, 50க்குப் பதில் 300. அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பியோ பத்து மடங்கு வேகமாகியிருந்தது. 100 மெகாபிட்டில் நொடிக்கு 1,48,800 பாக்கெட் வரலாம். வாசலில் கிகாபிட் வேறு நின்றுகொண்டிருந்தது: நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம். 672 நானோநொடிக்கு ஒன்று.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஒரே கார்டின் இன்டரப்ட்டுகள் வெவ்வேறு பிராசஸர்களுக்குப் போனால், ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் வெவ்வேறு வரிசைகளில் விழும். பின்னால் வந்தது முன்னால் போய்விடும். வரிசை கலைந்ததைப் பார்த்து டி.சி.பி. ‘பாக்கெட் தொலைந்துவிட்டது’ என்று பதறி மறுபடி அனுப்பச் சொல்லும்.

மூன்று பேர், ஒரு விதி

குஸ்நெட்சோவ் மாஸ்கோவில். ராபர்ட் ஓல்சன் ஸ்வீடனின் உப்சாலாவில். பல்கலைக்கழகத்தின் இணையப் போக்குவரத்தையே லினக்ஸ் ரவுட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்றாமவர் ஜமால் ஹாடி சலிம். நெட்வொர்க் கார்டு செய்யும் ஸ்னிக்ஸ் நிறுவனத்தில் வேலை.

முதலில் ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். வரிசையில் வைக்கும்போதே ‘நெரிசல் கொஞ்சம், நடுத்தரம், அதிகம்’ என்று டிரைவருக்குப் பதில் சொல்வது. டிரைவர் அதைக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. கொஞ்சம் பலன் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது.

2001 நவம்பரில் ஓக்லாந்தில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் மூவரும் புதிய திட்டத்தை முன்வைத்தார்கள். புதிய ஏ.பி.ஐ. என்பதைச் சுருக்கி ‘நாப்பி’. மோகுலும் ராமகிருஷ்ணனும் போட்ட பாதைதான் அடிப்படை.

விதி எளியது. இன்டரப்ட் வந்தால் டிரைவர் இரண்டே வேலை செய்யும்: கார்டின் இன்டரப்டை அணைக்கும், கேட்டுப் போக வேண்டிய கார்டுகளின் பட்டியலில் தன் பெயரை எழுதும். பாக்கெட்டைத் தொடாது. பிறகு கெர்னல் பட்டியலை எடுத்து ஒவ்வொரு கார்டாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. பின்னாளில் 64 என்பது வழக்கமாக நிலைத்தது. பங்கு தீர்ந்தும் பாக்கெட் மிச்சமிருந்தால் அந்தக் கார்டு பட்டியலின் கடைசிக்குப் போகும். கார்டு காலியாகிவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு இன்டரப்டைத் திறந்துவிடும்.

ஒரு கார்டை ஒரு நேரத்தில் ஒரு பிராசஸர்தான் கவனிக்கும். ஆகவே வரிசை கலையும் தொல்லையும் போயிற்று.

300 பாக்கெட் வரிசை? இந்தப் பாதையில் தேவையே இல்லை. கார்டுக்கும் கெர்னலுக்கும் பொதுவாக நினைவகத்தில் ஒரு வளையம் ஏற்கெனவே இருக்கிறது. வளையத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு காலிப் பஃபரைக் காட்டும். கார்டு டி.எம்.ஏ. மூலம், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், பாக்கெட்டைத் தானே அந்தப் பஃபரில் இறக்கிவிடும். கெர்னல் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் புதுப் பஃபரை வைக்கும். கெர்னலால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் வளையத்தில் காலிப் பஃபர் தீர்ந்துவிடும். வைக்க இடமில்லாமல் கார்டே பாக்கெட்டைப் போட்டுவிடும். வாசலிலேயே. செலவில்லாமல்.

தேங்கி அழுகும் பாக்கெட்

இதில் ஒரு பொறி இருந்தது. மிகச் சின்னது; மாட்டினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டிரைவர் வளையத்தைப் பார்க்கிறது. காலி. ‘சரி, இன்டரப்டைத் திறக்கலாம்’ என்று முடிவு செய்கிறது. பார்த்ததற்கும் திறப்பதற்கும் நடுவே சில நூறு நானோநொடி. அந்த இடைவெளியில் ஒரு பாக்கெட் வந்துவிட்டது.

இன்டரப்ட் அணைந்திருந்தபோது வந்ததால் சில வகைக் கார்டுகள் அதற்காக இன்டரப்ட் கொடுக்காது. கெர்னலோ வளையம் காலி என்று நினைத்துப் போய்விட்டது. பாக்கெட் வளையத்திலேயே கிடக்கும். இன்னொரு பாக்கெட் வந்து எழுப்பும்வரை. அந்தப் பாக்கெட்டுக்குப் பதில் வந்தால்தான் எதிர்முனை அடுத்ததை அனுப்பும் என்றால்? இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும்.

‘அழுகும் பாக்கெட்’ என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். தீர்வு: இன்டரப்டைத் திறந்த பிறகு வளையத்தை இன்னொரு முறை பார்த்துவிடு. ஏதாவது கிடந்தால் மறுபடி பட்டியலில் ஏறிக்கொள். டிரைவர் எழுதுகிறவர்களுக்காக நாப்பிக் குழு தயாரித்த வழிகாட்டியில் இதற்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு.

அதே வழிகாட்டியில் ஒரு அட்டவணையும் இருக்கிறது. பத்து லட்சம் பாக்கெட்டுகளை வெவ்வேறு அளவிலும் வேகத்திலும் அனுப்பிப் பார்த்த கணக்கு. 1,440 பைட் பாக்கெட்டுகள், நொடிக்கு 85,193 வீதம் வந்தபோது அத்தனையும் வெளியே போயின. வாங்குவதற்கு வந்த இன்டரப்ட்டுகள் 9,46,576. கிட்டத்தட்ட பாக்கெட்டுக்கு ஒன்று. கூட்டம் குறைவென்பதால் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கவனிக்கிறது. தாமதமே இல்லை.

பிறகு 60 பைட் பாக்கெட்டுகள், நொடிக்கு 8,90,000 வீதம். வெளியே போனவை 4,09,362. பாதிக்கு மேல் தொலைந்தன. வந்த இன்டரப்ட்டுகள்?

பதினேழு.

பத்து லட்சம் பாக்கெட்டுக்கு 17 இன்டரப்ட். எந்த வேகத்தில் எந்த முறை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டம் வந்ததும் தானாகவே கேட்டுப் போகும் முறைக்கு மாறியது; கூட்டம் குறைந்ததும் தானாகவே இன்டரப்டுக்குத் திரும்பியது. நொடிக்கு 6,000 வந்தபோது பூஜ்யத்துக்குப் போன ரவுட்டரிலிருந்து இங்கே வந்து சேர ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

2.5 வளர்ச்சித் தொடரில் நாப்பி நுழைந்தது. 2002 இறுதியில் வந்த 2.4.20 வழியாகப் பழைய தொடருக்கும் கிடைத்தது. அதே காலத்தில் இத்தாலியின் லூயிஜி ரிட்சோ ஃபிரீ பி.எஸ்.டி.யில் கடிகாரத் துடிப்பை வைத்துக் கேட்டுப் போகும் முறையைச் சேர்த்தார்.

வாசல் தாண்டிய பிறகு

வாசல் பிரச்சினை தீர்ந்தது. உள்ளே வந்த பாக்கெட்டின் கதை இனிமேல்தான்.

வளையத்திலிருந்து எடுத்த பாக்கெட் நம் கணினிக்கே உரியதென்றால், அது ஒரு சாக்கெட்டின் வாங்கும் பஃபரில் போய்க் காத்திருக்கும். நிரல் வந்து படிக்கும்வரை. அந்தப் பஃபரில் எவ்வளவு இடம் மிச்சமோ அதைத்தான் டி.சி.பி. எதிர்முனைக்கு ‘இவ்வளவு அனுப்பலாம்’ என்று அறிவிக்கும். ஆக, பஃபரின் அளவே இணைப்பின் வேகத்துக்கு உச்சவரம்பு.

டி.சி.பி. தலைப்பில் அந்த அறிவிப்புக்கு இருந்த இடம் 16 பிட். அதிகபட்சம் 65,535 பைட். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்த் திரும்ப 70 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 70 மில்லிநொடிக்கு 65,535 பைட் என்றால் நொடிக்கு 75 லட்சம் பிட். கையில் 100 மெகாபிட் கம்பி இருந்தாலும் கிடைப்பது ஏழரைதான். 1992லேயே ஆர்.எஃப்.சி. 1323 அந்த 16 பிட் தடையை உடைத்துவிட்டது. ஒரு கிகாபைட் வரை அறிவிக்கலாம். ஆனால் கெர்னல்கள் பஃபரைச் சின்னதாகவே வைத்திருந்தன.

பெரிதாக்கிவிட்டால் என்ன? கணக்குப் போடுங்கள். 100 மெகாபிட்டை 70 மில்லிநொடித் தூரத்தில் நிரப்ப 8,75,000 பைட் வேண்டும். ஒரு சர்வரில் பத்தாயிரம் இணைப்பு. எல்லாருக்கும் அந்தப் பங்கைக் கொடுத்தால் 8.75 கிகாபைட். அன்றைய 32 பிட் கணினி ஒரு நிரலுக்குக் காட்டக்கூடிய முகவரி வெளியே 4 கிகாபைட்தான். போதாததற்கு, 60 பைட் பாக்கெட்கூட 2,048 பைட் பஃபரில் உட்கார்ந்துகொண்டு முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பாலானவை மெதுவான மோடம் இணைப்புகள். அவற்றுக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆக, யாருக்கு எவ்வளவு என்று கெர்னலே பார்த்துக் கொடுக்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது? வருகிற தரவின் வேகத்தை அளக்கலாம். ஆனால் அந்த வேகத்தை நிர்ணயிப்பதே கெர்னல் கொடுத்திருக்கும் பஃபர்தான். சின்னப் பஃபரைக் கொடுத்தால் கொஞ்சம்தான் வரும். கொஞ்சம் வருவதைப் பார்த்தால் சின்னப் பஃபர் போதும் என்று தோன்றும்.

லாஸ் அலமோஸிலும் பிட்ஸ்பர்கிலும் இருந்த சிலர் இந்தச் சிக்கலில் கை வைத்தார்கள். எதிர்முனை மெதுவாக அனுப்புகிறதா, அல்லது நாம் கொடுத்த இடம் போதாமல் காத்திருக்கிறதா? அனுப்புகிறவனைக் கேட்காமலே வாங்குகிற கெர்னல் இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

(தொடரும்)